நாலாம் மாடிக் கூடை

டூரினிலிருந்து வந்த ஒத்தாவியா அம்மாள், சக்கரப் பெட்டியைக் கருங்கல் பாவிய சந்தில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வந்தபோது, நுன்சியா வாசலிலேயே காத்து நின்றாள். விடுதி திறந்தபின் வருகிற முதல் விருந்தாளி. நாலாம் மாடி வரை பெட்டியை நுன்சியாவே சுமந்தாள். புதுச் சுண்ணாம்பு வாசனை, சலவை மடிப்புக் கலையாத படுக்கை, ஜன்னலைத் திறந்தால் மாதா கோயில் கோபுரம். எல்லாம் அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இந்தக் கூடை ரொம்ப அழகா இருக்கே!"

ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிய ஒரு பிரம்புக் கூடை தொங்கியது. உள்ளே பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்கள். கைப்பிடியில் சின்ன மணி.

"எங்க வீட்டுக்காரர் மாட்டினதுங்க. சும்மா அலங்காரம்," என்று சொல்லிவிட்டு நுன்சியா விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். அதைத் தூக்கி எறியச் சொல்லி அவள் சண்டையே போட்டிருந்தாள். "வர்றவங்க போட்டோ எடுப்பாங்கடீ, உனக்கென்ன தெரியும்," என்று புருஷன் சபத்தீனோ கேட்கவில்லை.

நேப்பிள்ஸின் பழைய நகரத்தில் எங்களைப் போன்றவர்கள் வீடு வாங்க ஒரு வழி உண்டு. தனியாக இருக்கும் வயதானவரின் வீட்டை, அவரோடு சேர்த்தே வாங்கிவிடுவது. விலை மலிவு. கண்ணை மூடும்வரை அவர் அங்கேயே இருப்பார், அப்புறம் சாவி நம் கைக்கு வரும். சட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி வாங்கியவர்கள், மாடியில் இருமல் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதையும் நாங்கள் எல்லோரும் அறிவோம்.

நாலாம் மாடியில் தனியாக இருந்த டோன்னா எர்சிலியாவின் வீட்டை நுன்சியா வாங்கியபோதே கிழவிக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் திடமாக வாழ்ந்தாள்.

"என்ன நுன்சியா, மேல இருக்கற அம்மாவுக்கா மீனு? முள்ளெடுத்துத் தரவா, முள்ளோடயே தரவா?" என்று மீன்காரன் கேட்பான். சந்தே சிரிக்கும். நுன்சியாவும் சிரிப்பாள்.

எர்சிலியாவால் படி இறங்க முடியாது. நாலாம் மாடி ஜன்னலிலிருந்து கூடையை இறக்குவாள். அது இரண்டாம் மாடியில் நுன்சியாவின் பால்கனிக்கு நேரே வந்து நின்று மணி அடிக்கும். நுன்சியா ரொட்டியும் பாலும் வைப்பாள். "மகராசியா இரு மகளே!" என்று மேலிருந்து குரல் வரும். நல்லவளாகத்தான் இருந்தாள் நுன்சியா. அந்த ஆகஸ்ட் வரைக்கும்.

ஆகஸ்ட் பெருநாளுக்கு ஊரே கடலுக்குப் போய்விடும். சந்தில் ஒரு பூனைகூட மிஞ்சாது. குடையும் பாயும் காரில் ஏற்றியாயிற்று. அப்போது மணி அடித்தது.

"நுன்சியா, மணி அடிக்குதே," என்றான் சபத்தீனோ.

"வந்து பாத்துக்கலாம்," என்றாள் அவள்.

பெருநாள் முடிந்து திரும்பியபோதும் கூடை பால்கனிக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. காலியாக. மேலே, ஜன்னலடியில் எர்சிலியா கிடந்தாள். கயிறு அவள் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது.

வெயிலும் வயசும்தான் என்றார் டாக்டர். "மலைப்பக்கம் அவெல்லினோவுல நாத்தனாருக்குத் திடீர்னு முடியாமப் போச்சு, அதான் ஓடினோம். இல்லன்னா விட்டுட்டுப் போவேனா?" என்று சாவு வீட்டில் நுன்சியா அழுதாள். நானும்தான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்படிப் பொய் சொல்லியும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் அவளை அன்றிலிருந்து தின்றது.

விருந்தாளி வந்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு ஊர் உறங்கும். எங்களுக்குப் பேய்ப் பயம் ராத்திரியில் கிடையாது. ஆள் நடமாட்டமில்லாத இந்த வெயிலில்தான். சபத்தீனோ உள்ளே குறட்டை விட்டான். நுன்சியா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

பால்கனிக்கு நேரே கூடை தொங்கியது. எலுமிச்சம்பழங்களைக் காணோம்.

விருந்தாளியின் விளையாட்டாக இருக்கும் என்று போனில் கூப்பிட்டாள். பின்னணியில் கப்பல் சங்கு ஊதியது.

"நான் துறைமுகத்துல இருக்கேன்மா. ஏன், உங்கம்மா ஏதாவது கேக்கறாங்களா?"

"எங்கம்மாவா?"

"ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தாங்களே, கையில கயிறைச் சுத்திக்கிட்டு. பாவம், ஒண்ணுமே சாப்பிடலையாம். நீங்க இப்ப வந்துருவீங்கன்னு சொன்னாங்க."

நுன்சியாவின் அம்மா செத்து எத்தனையோ காலம் ஆகிறது.

போனை வைத்துவிட்டு, ஒரு ரொட்டியை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

கயிறு மெதுவாக மேலே போனது.

திரும்பி வந்தது. காலி.

பாலை வைத்தாள். போனது. வந்தது. காலி. பாலாடைக்கட்டி, தக்காளி, ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய இறைச்சி. அலமாரியே துடைத்துவிட்டது போலாயிற்று. அப்போதும் மணி நிற்கவில்லை. மேலிருந்து நாள்பட்ட வியர்வையும் காய்ந்த துளசியும் கலந்த வாடை இறங்கியது. அது எர்சிலியாவின் வாடை. நுன்சியாவுக்கு அடையாளம் சொல்ல ஆள் தேவையில்லை.

உணவு அல்ல, வேறு எதையோ கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. என்ன என்பதும் புரிந்தது. மன்னிச்சிருங்க என்று ஒரே ஒரு வார்த்தைதான். தொண்டை வரை வந்துவிட்டது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் கிசுகிசுத்தாள்.

"டோன்னா எர்சிலியா... நாத்தனாருக்கு நெஜமாவே முடியலம்மா. அவெல்லினோவுக்குத்தான் போனோம். சத்தியமா."

மணி நின்றது.

கயிறு மேலே போனது. சந்தில் ஓர் ஓசையும் இல்லை. நம்பிவிட்டாள் என்று நுன்சியா மூச்சுவிட்டாள். செத்தவளையும் ஏமாற்றிவிட்டேனே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

கூடை மறுபடி இறங்கியது. இந்த முறை மெதுவாக, கயிறு விறைத்துக் கிறீச்சிட, பாரமாக.

காலியாக இல்லை.

விளிம்புவரை கடல் மணல். ஈரம் காயாத மணல். பிரம்பின் இடுக்குகளிலிருந்து உப்புத்தண்ணீர் பால்கனித் தரையில் சொட்டியது.

உள்ளே சபத்தீனோ புரண்டு படுத்தான்.

"நுன்சியா," என்றான் தூக்கக் கலக்கத்தில், "மணி அடிக்குதே?"