பன்னிரண்டு ஜோடிக் கைகள்

அவளுக்கு வீட்டில் 'பாம்புக்காது' என்று பெயர். சமையலறையில் கரண்டி விழுந்தால், எந்தக் கரண்டி என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். அம்மா ஒலிப்பதிவாளர் ஆயிற்றே, மகளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி?

அந்தக் காதில்தான் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா பதிவு செய்த புதுப் பாட்டு விழுந்தது. பாட்டு வெளியாகி ஒருநாள்கூட முழுசாக ஆகவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு கூட்டம். நடுவில் டவுன்லோடு. யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் மறுநாளே தன் சின்ன பிளேயரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான் என்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. பாட்டுகளைத் திருடி இலவசமாக அள்ளிவிடும் ஒரு இணையதளத்தை அவனுடைய அண்ணன் காட்டிக் கொடுத்திருந்தான்.

"இது எங்க அம்மா செஞ்ச பாட்டு" என்றாள் பாம்புக்காது.

"உங்க அம்மாவா பாடுறாங்க?"

"இல்ல. அம்மா பதிவு செஞ்சாங்க."

"பட்டனைத் தட்டினா தானா பதிவாகுது. இதுல என்ன பெரிய வேலை?"

கூட்டம் சிரித்தது. அம்மா வீட்டிலேயே ஒரு அறையில் அந்தப் பாட்டைப் பதிவு செய்த நான்கு மாதமும் பூனை போல நடந்து, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தவள் அவள். முகம் தொங்கிப்போய் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டிலும் அதே கதைதான். அந்தத் தளத்தைத் தடை செய்யச் சொல்லி அம்மா புகார் மேல் புகாராக அனுப்பியிருந்தாள். காலையில் தடை செய்தார்கள். சாயங்காலத்துக்குள் அது வேறு முகவரியில் கடை விரித்துவிட்டது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கிறது என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எதிரே, அந்தப் பாட்டைப் பாடிய பாடகி அக்கா உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு பாட்டுதான் பாக்கி, அதோடு பாடுவதை நிறுத்திவிடப் போவதாக அமைதியாகச் சொன்னாள்.

"எல்லாரும் நம்ம பாட்டைக் கேக்குறாங்க. ஆனா இதுக்குப் பின்னாடி மனுஷங்க இருக்கோம்னே யாருக்கும் தெரியல" என்றாள்.

அந்த அக்காவின் குரல் இல்லாத வீட்டைப் பாம்புக்காதால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் கூட்டமாகக் கைதட்டும் சத்தம் வேண்டும். கம்ப்யூட்டரில் தயாராக இருப்பதை எடுத்துப் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. பாம்புக்காது சட்டென்று எழுந்தாள். தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன் என்றாள். அம்மா யோசித்தாள். சின்ன அறை, பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அவள் முதலில் போய் நின்றது டவுன்லோடிடம்தான்.

"என்னையா கூப்பிடுற?" என்று அவனே நம்பாமல் கேட்டான்.

"உன்னைத்தான். வந்து பட்டனைத் தட்டிப் பாரு."

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். மைக்கில் சத்தம் ஏறும் என்று அம்மா மின்விசிறியை நிறுத்தினாள். ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. முதல் தடவை ஒருத்தி தும்மினாள். இரண்டாவது தடவை யாருடைய வயிறோ கடமுடா என்றது. மூன்றாவது தடவை அதை நினைத்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு டவுன்லோடின் முறை. முந்திரிக்கொட்டை மாதிரி ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கு முன்னால் தட்டினான். பதினாறாவது தடவை முடிந்ததும் போதாதா என்று கேட்டான். அம்மா கோபிக்கவில்லை. பதிவானதைப் போட்டுக் காட்டினாள். பதினொரு பேரின் சத்தம் ஒன்றாக விழ, அதற்கு முன்னால் தனியாக ஒரு 'டப்' கேட்டது. அவன் தன் கைகளையே பார்த்தான்.

"நான்தான் கெடுத்துட்டேன் ஆன்ட்டி. இன்னொரு தடவை வச்சுக்கலாம்" என்றான்.

இன்னொரு தடவை ஏழு தடவை ஆனது. இருபத்து மூன்றாவது தடவையில் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் ஒரே கையாக விழுந்தன. அதுவரை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாடகி அக்கா, தன்னை அறியாமல் தலையாட்டினாள். உள்ளங்கை எல்லாம் சிவந்து போயிருந்தது. அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

பாட்டு வெளியானபோது முறையான தளத்தில் பாடகி அக்கா, அம்மா பெயர்களுக்குக் கீழே கைதட்டிய பன்னிரண்டு பேரின் பெயர்களும் இருந்தன. திருட்டுத் தளமும் சும்மா இருக்கவில்லை, அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டது.

மறுநாள் டவுன்லோடு கடுகடுவென்று வகுப்புக்குள் நுழைந்தான். அண்ணன் அந்தத் திருட்டுப் பாட்டை இறக்கி வைத்திருந்தானாம். அதில் யார் பெயருமே இல்லையாம். விடாமல் சண்டை போட்டு, அண்ணனை அதை அழிக்க வைத்து, முறையான தளத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னானாம். அதில் இருந்த அவன் பெயரை அவனுடைய அம்மா இரண்டு தடவை வாசித்தாளாம். சொல்லும்போது அவன் முகத்தில் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் வந்து, புதுப் பாட்டை இலவசமாக ஏற்றித் தரச் சொன்னான்.

"தர மாட்டேன்" என்றான் டவுன்லோடு. "நாலு நிமிஷப் பாட்டுல எங்க கைதட்டல் மட்டும் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்துச்சு. எங்க வேலை அது. கேக்கணும்னா எங்க பேர் இருக்கிற இடத்துல போய்க் கேளு."

அந்தப் பையன் வந்த வழியே திரும்பிப் போனான். டவுன்லோடு பாம்புக்காதின் பக்கம் திரும்பி, அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டான்.

சாயங்காலம் பாம்புக்காது இதையெல்லாம் ஒன்று விடாமல் பாடகி அக்காவிடம் சொன்னாள்.

"'எங்க வேலை'ன்னா சொன்னான்?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாக்கா. அப்படியேதான் சொன்னான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவிடம், அடுத்த பாட்டுக்கு எந்தச் சனிக்கிழமை அறை காலியாக இருக்கும் என்று கேட்டாள். அம்மா காலண்டரை எடுத்தாள். ஆனால் தான் எழுதாமல் பேனாவை மகளிடம் நீட்டினாள்.

"நீதானே ஆளுங்களைக் கூட்டிட்டு வந்த? நீயே எழுது."

பாம்புக்காது ஒரு சனிக்கிழமையின் கட்டத்தில் 'எங்கள் பதிவு' என்று எழுதினாள். எழுத்து பெரிதாகி, கட்டத்தைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்குள்ளும் போய்விட்டது. சின்னதாக எழுதேன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.