நூற்றுக்கு நூறு

காலை ஷிஃப்டுக்கு வந்த நர்சுகள்தான் உடை மாற்றும் அறைக் கதவை உடைத்தார்கள். உள்ளே ருமியானா இறந்து கிடந்தாள். கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. வேறு யாரும் வந்துபோன தடயம் இல்லை.

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மாதம் மூன்று பச்சைக் குழந்தைகள் ஒரே கிருமியால் செத்துப்போயின. மூன்றையும் பார்த்துக்கொண்ட நர்ஸ் ருமியானா. கிருமி அவளிடமிருந்துதான் தொற்றியது என்று பரிசோதனை சொன்னது. அதன்பிறகு கடைத்தெருவில் ஒருத்தி அவள் முகத்தில் துப்பினாள்.

"தற்கொலைதான். எழுதி மூடிடுங்க," என்றார் தலைமை மருத்துவர்.

இன்ஸ்பெக்டர் வெசெலா மூடவில்லை. ருமியானாவின் வீட்டுக்குப் போனாள். எங்கள் ஊர் வழக்கப்படி மரண அறிவிப்பை அவள் கணவன் ஸ்டோயில் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கையக் கழுவிக் கழுவி தோலே உரிஞ்சு போச்சு மேடம். 'நெசமா நான்தானா?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ரிப்போர்ட்ல நூத்துக்கு நூறு பொருந்துதுன்னு எழுதியிருக்காங்களே, நான் என்னத்தச் சொல்ல?"

அன்று மதியமே ஆய்வுக்கூடத்தில் ஓக்னியான் வெசெலாவுக்குத் திரையைக் காட்டினான். ஒப்பிடும் மென்பொருளை எழுதியவனே அவன்தான்.

"மேல் வரி, செத்த குழந்தைகிட்ட எடுத்த கிருமியோட மரபணு எழுத்து. கீழ் வரி, ருமியானா மூக்குல எடுத்தது. எழுத்துக்கு நேரா எழுத்த நிறுத்திப் பாக்கும். விஷம் சுரக்கிற மரபணு எங்க இருக்குன்னு அதுவே கணிச்சு, சிவப்புல காட்டும். பாருங்க, ஒரு எழுத்து பிசகல."

"இந்தக் கேள்விக்குறி?"

"அங்க மெஷினால படிக்க முடியல. ஒவ்வொரு தடவையும் அங்கங்க மங்கிடும்."

"எங்க மங்கும்னு முன்னாடியே தெரியுமா?"

"அதெப்படித் தெரியும்? இன்னைக்கு ஒரு எடம், நாளைக்கு வேற எடம்."

வெசெலா திரையை நகர்த்திக்கொண்டே போனாள். நெடுநேரம் போனாள்.

"அவ மூக்குல எடுத்த சாம்பிள் மிச்சம் இருக்கா?"

"தீந்து போச்சு மேடம்."

"உக்காருங்க ஓக்னியான்."

அவன் உட்கார்ந்தான்.

"கள்ளக் கையெழுத்துக் கேஸ் நெறைய பாத்திருக்கேன். ஒரே ஆளு ரெண்டு தடவ போட்டாலும் கொஞ்சம் மாறும். அச்சு அசலா இருந்தா, ஒண்ணப் பாத்து ஒண்ணு எடுத்ததுன்னு அர்த்தம். கிருமி ஒண்ணா இருக்கலாம், சரி. மங்கல் எப்படி ஒண்ணா இருக்கும்? மேல கேள்விக்குறி விழுந்த எடத்துலல்லாம் கீழயும் விழுந்திருக்கு. ஒண்ணுகூடத் தப்பல. கீழ் வரி ருமியானாவோடது இல்ல. மேல் வரியையே கீழயும் ஒட்டினது நீங்க."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அவ சாம்பிள ஃப்ரிட்ஜுல வைக்க மறந்துட்டேன். ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வந்தா கெட்டுப்போயிருந்துச்சு. மேலிடத்துலேருந்து போன் மேல போன். எப்படியும் அவதான்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னொரு தடவ சாம்பிள் கேக்க வெக்கமா இருந்துச்சு மேடம்."

"வெக்கமா?"

வெசெலா குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.

"இப்ப எடுத்துப் பாக்கலாம்ல? உடம்பு பிணவறையிலதான இருக்கு."

"பிரயோஜனமில்ல. ரிசல்ட் வந்த அன்னைக்கே அவளுக்கு மருந்து குடுத்துட்டாங்க. வார்டுல மத்தவங்களுக்கும் குடுத்தாச்சு. கிருமி யார்கிட்ட இருந்திருந்தாலும் இப்ப இருக்காது."

அவனைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வெசெலா திரும்பவும் ஸ்டோயிலைத் தேடிப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அப்போ அவ இல்லதான? அவ இல்லன்னு சொல்லுங்க மேடம்."

இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியாது ஸ்டோயில். இனிமே தெரியவும் வராது."

அடுத்த அறையில் அவர்களுடைய கைக்குழந்தை அழுதது. அவன் போகவில்லை.

"'நம்ம பிள்ளையத் தொடாத'ன்னு அவகிட்ட சொல்லிட்டேன் மேடம். கடைசி வாரம் பூரா வாசப்படியில நின்னுதான் பாத்தா."