பீர்க்கங்கொடிக்கு ஒரு குச்சி

"எல்லைக்கு நட்ட குச்சியையெல்லாம் புடுங்குனது யாருங்க?"

"நாந்தான்."

கேட்டவனைக் கலைமதி ஏற இறங்கப் பார்த்தாள். குளத்தூர்ப் பக்கம் சோலார் கம்பெனிக்காக நிலம் அளக்கும் கோபிநாத். அவன் நட்ட குச்சிகள், கட்டிய சிவப்புத் துணியோடு, அவள் கொல்லையில் பீர்க்கங்கொடியைத் தாங்கி நின்றன.

"கம்பெனி பொருளுங்க அது..."

"எங்க வாரியில நட்டா எங்க பொருளு. இன்னும் ஒரு குச்சி கொறையுது, இருந்தா குடுத்துட்டுப் போங்க."

சிரித்துவிட்டான். கோபப்படத் தெரியாத கண்கள்... அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மழைத்தண்ணீர் கண்மாய்க்கு ஓடிவரும் பாதைதான் வாரி. சித்திரையில் அது காய்ந்து கிடந்ததைப் பார்த்து, தரிசு என்று படம் வரைந்துவிட்டான் இந்த மகராசன். அங்கே வேலி விழுந்தால் கண்மாய் நிறையாது. அப்புறம் அவள் அப்பா வீரய்யாவின் வயலும் இல்லை, ஊருக்குச் சோறும் இல்லை.

"சோலாரே வேண்டாங்கிறீங்களா?"

"வெயிலை எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. தண்ணி வர்ற வழியில கை வைக்காதீங்க."

"இங்க வாரி இருக்க மாதிரியே தெரியலீங்களே."

"மழை பேயிற அன்னிக்கு வந்து நில்லுங்க. தெரியும்."

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். ஐப்பசியின் முதல் பெருமழையில், சொட்டச் சொட்ட நனைந்து, வாரியின் நடுவில் நின்றான். செம்மண் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது... முழங்காலுக்கு ஏறியது... கால் வழுக்கியது. கரையிலிருந்து கை நீட்டினாள். மேலே ஏறிய பிறகும் இருவருமே கையை விட மறந்தார்கள்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுதுங்க," என்றான், அவள் கண்களைப் பார்த்து.

கன்னம் சுட்டது. வெடுக்கென்று கையை உருவினாள். "மொதல்ல மேப்பைத் திருத்துங்க."

"திருத்துனா வேலை போயிரும்..."

"அப்ப இனிமே இங்கிட்டு வராதீங்க."

வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை முட்டியது. போயும் போயும் இவனுக்காகவா என்று ஆத்திரமும் வந்தது.

கிராம சபையில் கம்பெனி மேனேஜர் படத்தை விரித்து, "தரிசுதான்" என்றார். கலைமதி எழுந்தாள்.

"எங்களத் தாண்டித்தான் அங்க வேலி போடணும்."

பின்வரிசையில் ஒரு குரல். "தரிசு இல்லீங்க. தப்பா அளந்தது நாந்தான். முழங்கால் தண்ணியில நின்னு பாத்துட்டேன்."

கோபிநாத். மேனேஜர் முறைத்தும் அவன் உட்காரவில்லை. வாரியில் வேலி கூடாதென்று ஊரே தீர்மானம் போட்டது. முதல் கையெழுத்து கலைமதியுடையது.

மறுநாள் காலை கொல்லைப் பக்கம் வந்தான். கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சி.

"கொறையுதுன்னீங்களே..."

"வேலை?"

"போயிருச்சுங்க. வேலை வேற கெடைக்கும். உங்கள மாதிரி ஒருத்தங்க கெடைக்க மாட்டாங்க. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அவள் குச்சியை வாங்கினாள். கொடியின் ஓரத்தில் ஊன்றி, கல்லெடுத்து ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினாள். அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதை மட்டும் யாரு வந்து சொன்னாலும் புடுங்க விடமாட்டேன்," என்றாள். "அப்பா உள்ளதான் இருக்காரு... வாங்க, சேந்தே போய்ச் சொல்லுவோம்."