குழிக்குள் வந்த கடல்

அன்றைக்கும் வசவோடுதான் விடிந்தது. பாப்பாரப்பட்டி வீட்டின் பின்கட்டில் கேழ்வரகுக் குழியைத் திறந்து, வள்ளம் என்கிற அளவுப்படியால் அளந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் ராமக்கா. கூடையைத் தூக்க வந்தாள் மருமகள் சின்னக்கண்ணு.

“எடு கைய. அண்ணன் வூட்டுக்கு அள்ளிக் குடுத்த கை... இந்தக் குழிப் பக்கமே வரக்கூடாது.”

சின்னக்கண்ணு அடுப்படிக்குப் போய் அழுதாள். ஒரு வருஷமாக இதே பேச்சு. அவள் புருஷன் மல்லையன் கடலூர் துறைமுகத்தில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிறவன். முப்பத்தெட்டாம் வருஷம் மழை பொய்த்தபோது, கடற்கரையில் மகனும் மருமகளும் பட்டினி கிடக்கக் கூடாதென்று ராமக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கேழ்வரகு அனுப்பினாள். குழி தோண்டிப் போட்டு மூடவும் சொல்லியனுப்பினாள். அந்த ஐப்பசிக்குள் அத்தனையும் காலி. எப்படியோ கெட்டுவிட்டது என்றாள் சின்னக்கண்ணு. குழிக்குள் போன கேழ்வரகு வருஷக்கணக்கில் கிடக்குமே, அதெப்படிக் கெடும்? அவள் அண்ணன் பச்சியப்பன் வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். பொங்கலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பவில்லை. மல்லையன் தனியாகத்தான் ரயிலேறினான்.

அந்த வாரம், கடலூர் போய்த் திரும்பிய வியாபாரி நூர் பாஷா, மல்லையன் காய்ச்சலில் கிடப்பதாகச் சொன்னார். ராமக்கா உடனே ஒரு மூட்டைக் கேழ்வரகோடு கிளம்பினாள். ஆக்கிப்போட ஆள் வேண்டுமே என்று மருமகளையும் கூட்டிக்கொண்டாள். தான் இல்லாதபோது யாரும் குழியைத் திறந்து அளக்கக் கூடாதென்று வள்ளத்தை மடியில் முடிந்துகொண்டுதான் பொம்மிடியில் ரயிலேறினாள்.

கடலூரில் இறங்கியதுமே உடம்பு பிசுபிசுத்தது. வீட்டில் உப்புப் பானையைத் திறந்தால் உப்பு தண்ணீராகக் கிடந்தது. தீக்குச்சி நமத்துப்போய்ப் பற்ற மறுத்தது. இதெல்லாம் ஒரு ஊரா என்று திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் கிழக்கேயிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றில் மல்லையன் எழுந்து உட்கார்ந்து, மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இந்த ஊரை வைவதா கும்பிடுவதா என்று ராமக்காவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில், குழி எப்படித் தோண்டுவதென்று மருமகளுக்குக் காட்டுவதாகச் சொல்லி மண்வெட்டியை எடுத்தாள். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. இறைத்தாள். மறுபடியும் ஊறியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

இது எங்கேயிருந்து வருகிறதென்று கேட்டாள். சின்னக்கண்ணு அவளைத் தென்னைகளுக்கு அப்பால் அழைத்துப் போனாள்.

ஆடிப்பெருக்கில் ஒகேனக்கல்லைப் பார்த்தவள் ராமக்கா. அதற்கு மேல் உலகத்தில் தண்ணீரே இல்லை என்றிருந்தவள். இப்போது கடல் முன்னால் நின்றாள். கைகள் தாமாகக் குவிந்தன.

“அக்கரை எங்கடி?”

“அக்கரையே இல்லீங்க அத்தை.”

இத்தனை பெரியதா வந்து என் வீட்டுக் குழியில் நின்றது! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்ததே குழி தோண்டச் சொன்ன மாமியாரின் வாய்ச்சொல்தான். ராமக்காவுக்கு அது விளங்கியபோது கண்ணில் நீர் முட்டியது.

“குழியில தண்ணி ஏறுனத ஏன்டி சொல்லல...?”

“நீங்க வாயக் கட்டி அனுப்புன கேவுரு. நீங்க சொன்னபடி செஞ்சுதான் அழுகுச்சுன்னு எப்பிடிங்க சொல்றது? அவரு சொல்ல வந்தாரு. நாந்தான் வேணாம்னேன்... பழி எம்மேலயே இருக்கட்டும்னு.”

ராமக்கா மடியை அவிழ்த்தாள். வள்ளத்தை எடுத்து மருமகள் கையில் வைத்து அழுத்தினாள்.

“நீ இங்கயே எம்மவனோட இரு. ஊருக்கு வர்றப்ப நீதான் குழியத் தொறந்து அளக்கணும். நீ வர்ற வரைக்கும் அது மூடியே கெடக்கட்டும்.”

சின்னக்கண்ணு அழுதுகொண்டே காலில் விழக் குனிந்தாள். அதற்குள் ஒரு பெரிய அலை வந்து இருவர் முழங்காலையும் நனைத்தது. காலடியில் மணல் நழுவவும் ராமக்கா பயந்துபோய் மருமகளின் கையைப் பிடித்தாள். குழிப் பக்கமே வரக்கூடாதென்று விரட்டிய அதே கை. வீடு வந்து சேரும்வரை அவள் அதை விடவில்லை.