பொதுவாசிப்பு

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் தூத்துக்குடி நான்காம் வட்ட உடலறிவு மையத்தில் கால் வைக்க இடமிருக்காது. பதினெட்டு நிறைந்த பெண்களும் கல்யாணம் நிச்சயமானவர்களும், உடம்பு விவரம் பதிந்த மணிக்கட்டு வில்லையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உள்ளே உடலாசான் என்ற இயந்திரம் அந்த வில்லையைப் படித்து, அவரவர் உடம்புக்கு ஏற்ற தாம்பத்தியப் பாடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? பிள்ளை பெறக்கூடிய உடம்பாக இருந்தால்.

அருள்மலருக்குப் பிறவியிலேயே கருப்பை இல்லை. பதினெட்டு வயதில் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, "உங்களுக்குப் பாடம் விலக்கு" என்று சொல்லி உடலாசான் விளக்கை அணைத்துவிட்டது. ஜனத்தொகை பாதியாகச் சரிந்த காலத்தில் போட்ட சட்டம் அது. குழந்தையில் முடியாத பாடத்துக்கு அரசாங்கம் நேரம் செலவழிக்காதாம். அடேயப்பா, என்ன சிக்கனம்! வெளியே விசாரிக்கலாமென்றால், அதைச் சொல்லித்தர டாக்டர்களுக்கும் தடை.

இருபத்தாறு வயதில் மரியதாசனைக் கட்டினாள். தன் குறையைச் சொல்லித்தான் கட்டினாள். ஒன்றுமே தெரியாமல் எப்படிப் போவது என்று கல்யாணத்துக்கு முந்திய வாரம் தங்கையின் வில்லையை இரவல் வாங்கி ஒட்டிக்கொண்டு பாடம் கேட்டாள். "முதலில் சற்று வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றது இயந்திரம். அது தங்கையின் உடம்புக்கான பாடம். முதலிரவில் அருள்மலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். முடிவில் ரத்தம், ஆஸ்பத்திரி, ஏழு தையல். அன்றிலிருந்து மரியதாசன் அவள் விரலைக்கூடத் தொடுவதில்லை. தானொரு மிருகம் என்று நினைத்துக்கொண்டு முன்னறையில் சுருண்டு கிடக்கிறான். வீட்டில் பேச்சே செத்துப்போயிற்று.

யார் சொல்லித்தந்தது என்று ஆஸ்பத்திரியில் துருவிக் கேட்டு எழுதிய அறிக்கை இரவல் வில்லையைக் காட்டிக்கொடுத்தது. அதற்குத் தண்டனை பொதுவாசிப்பு. குற்றவாளியின் முழு உடற்கோப்பையும் மண்டபத்தில் எல்லோர் காதிலும் விழும்படி உடலாசான் வாசிக்கும். தொடங்கிவிட்டால் கடைசி எழுத்துவரை நிறுத்தக்கூடாது என்பது விதி.

கண்காணிப்பாளர் ஜெபக்கனி அவளை மேடையில் ஏற்றினாள். "பாடத்தையா திருடுத? நல்லா நில்லு, நாலு பேரு பாக்கட்டும்."

"எனக்குள்ள பாடத்தக் குடுத்திருந்தா நான் ஏன் மேடம் திருடப்போறேன்?"

"ஒனக்கு எதுக்குட்டி பாடம்? தொட்டிலா கட்டப்போற?"

வரிசை கொல்லென்று சிரித்தது. ஜெபக்கனி பொத்தானை அமுக்கினாள். கருப்பை இல்லை, யோனிப்பாதை ஓர் அங்குலத்துக்கும் குறைவு என்று உடலாசான் ஒவ்வொன்றாக வாசித்தது. "இந்த லட்சணத்துல கல்யாணம் ஒண்ணுதான் கேடு" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. அருள்மலருக்குக் காது எரிந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

ஆனால் கோப்பு அதோடு முடியவில்லை. இப்படிப்பட்ட உடம்புகளுக்கென்று சட்டம் வருமுன் எழுதப்பட்டு, பிறகு பூட்டப்பட்டு, அழிக்க மறந்த பாடம் ஒன்று அதன் அடியில் கிடந்தது. விலக்குக் கோப்பு எதையும் ஜெபக்கனி அதுவரை திறந்து பார்த்ததே இல்லை.

"இந்த உடம்புக்கும் இன்பம் உண்டு" என்றது உடலாசான். "பாதைதான் குறுகியது. மருத்துவரின் வழிகாட்டலில், விரிப்பான்கள் என்ற சிறு கருவிகளைக் கொண்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அதை நீளச் செய்யலாம்."

ஜெபக்கனி பதறிப்போய்ப் பொத்தானைக் குத்தினாள். "நிறுத்து, சனியனே!" அது நிற்கவில்லை.

"சும்மா இருங்க மேடம்!" அருள்மலர் போட்ட கத்தலில் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "இது என் பாடம். கேக்க விடுங்க."

"வலித்தால் பொறுக்கக்கூடாது. நிறுத்தச் சொல்லுங்கள். நெருங்குவதற்கு இது ஒன்றே வழியும் அல்ல. கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். இருவர் மீதும் குற்றமில்லை."

இயந்திரம் ஓய்ந்தது. அருள்மலர் மேடையை விட்டு இறங்காமல் ஜெபக்கனியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நிறுத்தச் சொல்லலாமா? இந்த ஒத்த வார்த்தையவா எட்டு வருசமா பூட்டி வச்சிருந்தீங்க? நான் சொல்லிருந்தா அந்த மனுசன் நிறுத்திருப்பாரே... பாவிகளா, நிறுத்திருப்பாரே!"