ஐஸ் ரூமில் ஹவுஸ் ஓனர்

டிரிங்... டிரிங்...

செக்யூரிட்டி அறையில் போன் அலறியது.

செக்யூரிட்டி ஆபீசர் 'மீசை' பாய்ந்து எடுத்தார். ரிட்டயர்டான இன்ஸ்பெக்டர். இந்த வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வந்த பிறகு அவர் துப்புத் துலக்கியது ஒரே கேஸ்தான். காணாமல் போன குடை.

அதுவும் அவருடையதே!

மறுமுனையில் ட்ரெயினிங் மேடம் கிசுகிசுத்தார்.

"சார்... என் க்ளாஸ்ல ஒரு கொலைகாரி உட்கார்ந்திருக்கா."

மீசை துடித்தது. ஆளும்தான்.

நடந்தது இதுதான். புகார் பிரிவுக்குப் புதிதாய் எடுத்தவர்களுக்கு முதல் நாள். ஒவ்வொருவரும் எழுந்து பெயர், வீடு, குடும்பம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தேறினால் வேலை. திணறினால் வாசல்!

கடைசி பெஞ்சில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். பல நாள் ஒத்திகை பார்த்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"மை ஹவுஸ் ஓனர் வெரி குட் மேன். ஹவுஸ் ஓனர் இன் ஐஸ் ரூம். சிக்ஸ் இயர்ஸ்."

வகுப்பே உறைந்தது.

அவரை அங்கே வைத்தது யார் என்று மேடம் நடுங்கும் இங்கிலீஷில் கேட்டார்.

"ஐ புட், மேடம்."

சொன்னதோடு விடவில்லை. சிரிக்கவும் செய்தாள்!

போலீஸுக்குச் சொல்லிவிடலாமா என்று மேடம் கேட்டதற்கு, பிணத்தை முதலில் நான் பார்த்துவிடுகிறேன் என்றார் மீசை. எத்தனை வருஷப் பசி!

கண்ணாடிக்காரியைத் தனியறையில் உட்கார வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்தார். இங்கிலீஷெல்லாம் வேண்டாம், தமிழிலேயே வா என்றார்.

"அவர் இப்ப எங்கே?"

"ஐஸ் ரூம்லதான் சார். துறைமுகத்துப் பக்கம், மீன் கம்பெனியில."

"உள்ளே தள்ளினது நீதானே?"

"தள்ளினதுன்னா... ஆமா சார். நான்தான். அப்ப வேற வழி தெரியல."

"பாவமா இல்ல உனக்கு?"

"இல்லாம இருக்குமா சார்? ஆரம்பத்துல கிடுகிடுன்னு நடுங்குவாரு. இப்ப விரலெல்லாம் விறைச்சுப் போச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதனாலதான் இந்த வேலைக்கே வந்தேன். இது கிடைச்சா அவரை வெளியே எடுத்துடலாம்."

மீசை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

கத்தினார். மேஜையைக் குத்தினார். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அவளோ ஒவ்வொரு முறையும் அதே பதிலை, அதே தணிந்த குரலில் சொன்னாள். நடுவில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அறைக்கு வெளியே ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கம்பெனி மேனேஜர்.

மேடத்தையும் சேர்த்து நால்வரையும் ஏற்றிக்கொண்டு வேன் பறந்தது.

மீன் கம்பெனி. ஐஸ் ரூம். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது...

வெண்புகை!

புகைக்கு நடுவே, மீன் பெட்டிகளுக்கு மத்தியில், ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. புருவமெல்லாம் பனி. அசைவில்லை.

மீசை ஓரடி எடுத்து வைத்தார்.

பிணம் மெல்லத் திரும்பியது.

"கதவைச் சாத்துங்க சார். குளிர் வெளியே போகுதுல்ல?"

மீசை போட்ட அலறலில் இரண்டு பெட்டி மத்தி மீன் கவிழ்ந்தது. அதன் மேலேயே அவரும்!

"இ... இது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"ஹவுஸ் ஓனர்னு சொன்னியே?" மேடம் பாய்ந்தார்.

"வீடுன்னா ஹவுஸ். காரர்னா ஓனர். சரியாத்தானே மேடம் சொன்னேன்?"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் வைத்ததும் தள்ளியதும் வேறொன்றுமில்லை. வேலை இல்லாமல் இருந்த புருஷனை, தெரிந்தவர்கள் கை காலைப் பிடித்து இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறாள். குடியிருப்பது வாடகை வீடு. ஆனாலும் தமிழில் புருஷன்தானே வீட்டுக்காரர்!

கண்ணாடிக்காரியின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப... வேலை போச்சா மேடம்?"

வீட்டுக்காரர் மடங்காத விரல்களால் அவள் கையைத் தொட்டார். இங்கே ஒன்றும் அவ்வளவு குளிரில்லை என்றார். பற்கள் தந்தியடிக்கும்போது பொய் சொல்வது கஷ்டம்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"ட்ரெயினிங்தான் போச்சு. நாளைக்கே சீட்ல வந்து உட்காருங்க."

எல்லோரும் விழித்தார்கள். மீசை மத்திகளுக்கு நடுவிலிருந்து விழித்தார்.

"இந்த ஆள் அந்தக் கத்து கத்தினாரு. இந்தம்மா குரல் ஒசந்துச்சா? தண்ணி குடுத்தாங்க! இங்கிலீஷை நாம சொல்லிக் குடுத்துடலாம் மேடம். இந்தப் பொறுமையை யார் சொல்லிக் குடுக்கறது? புகார் பிரிவுக்கு இவங்கதான்."

வீட்டுக்காரர் கையுறைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார். பெட்டி மேல் வைத்தார். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியின் காதோரம் குனிந்தார்.

"ஏம்மா, அப்ப வீட்ல நான் குறை சொன்னாலும் இதே மாதிரி பொறுமையா கேப்பியா?"

கண்ணாடிக்காரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆபீஸ் நேரத்துல போன் பண்ணுங்க."