எதிர்வீட்டுப் புகை

புது வீட்டில் அது முதல் காலை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் கேள்விப்பெட்டி. அது அப்பா வைத்த செல்லப் பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேள்வியாகவே கேட்டுத் துளைத்ததால் வந்தது.

திடீரென்று யாரோ கதவை இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். அலமாரியில் இருந்த தம்ளர்கள் எல்லாம் கிணுகிணுத்தன.

அம்மா அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். முறுக்கு மீசை. கையில் பனியை அள்ளிப் போடும் மண்வாரி.

"உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கத்தினார்.

"நல்லாத்தானே இருக்கோம்! ஏங்க, என்ன ஆச்சு?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "புகை வரலையே?"

"நாங்க விறகு எரிக்கிறதில்லைங்க. கரண்ட் அடுப்புதான்."

"ஓ" என்றார் அவர். கூரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே தம்பிப் பாப்பா வீறிட்டு அழ ஆரம்பித்தான். விறகுப் புகை பட்டால் அவனுக்கு இருமல் வந்துவிடும். அதனால்தான் கரண்ட் அடுப்பு. ராத்திரி முழுக்கச் சிணுங்கிவிட்டு விடியும்போதுதான் அவன் தூங்குவான். அந்தத் தூக்கமும் போச்சு.

சரி, ஒரு நாள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் மறுநாளும் இடி. அதற்கு மறுநாளும் இடி. அன்றைக்குத் தபால்கார அக்காவும் ஒரு நாயும்கூடச் சேர்ந்து வந்திருந்தார்கள். நாய் உள்ளே புகுந்து சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனது.

"முந்தாநாளே சொன்னேனே, கரண்ட் அடுப்புன்னு!" என்றாள் அம்மா.

"சொன்னீங்க. ஆனா புகை இல்லாத வீட்டைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார் மீசைக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரை 'இடி மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் எவ்வளவு பொருத்தம் என்று கேள்விப்பெட்டிக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா ஓடையோரத்து மின்நிலையத்திலிருந்து வேலை முடிந்து வந்ததும், அம்மா பொரிந்து தள்ளினாள். "இந்த மாசத்தோட இங்கிருந்து கிளம்பிடலாம். பிள்ளையைத் தூங்க விடாத ஊர்ல என்னால இருக்க முடியாது."

கேள்விப்பெட்டி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் வேலைக்காக எத்தனை ஊர் மாறியாயிற்று! ஒவ்வொரு ஊரிலும் ஒரு தோழி கிடைப்பாள், உடனே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். இங்கேயும் பக்கத்து இருக்கைக்காரி நேற்றுத்தான் தன் பாதி அழிரப்பரைக் கொடுத்திருந்தாள். பாதி ரப்பரை வாங்கிக்கொண்டு ஓடிப்போவது நியாயமா?

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக மரப்பாலத்தைத் தாண்டி நடந்தாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று மரவீடுகள் எதிரும் புதிருமாக நின்றன. அவர்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு இடி மாமாவுடையது. அவர் தச்சர். வாசலில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல் காலடியில் குவிந்து கிடந்தது.

"மாமா, எங்க வீட்டுப் புகையை நீங்க ஏன் பாக்கறீங்க?"

அவர் நிமிர்ந்தார். "பாக்காம? நீங்க என் எதிர்வீடு ஆச்சே!"

"எதிர்வீடுன்னா?"

"எதிர்வீட்டுப் புகையைப் பாக்கணும். அதுதான் இங்க எல்லாரும் செய்யறது. காலையில புகை வந்தா, உள்ள ஆள் எழுந்து அடுப்பு மூட்டியாச்சு, நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். வரலைன்னா, உடனே ஓடணும்."

"யார் அப்படிச் சொன்னது?"

இடி மாமா இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"மலையைக் குடைஞ்சு ரோடு போட வந்தவங்கதான் இந்த வீடெல்லாம் கட்டினாங்க. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர். ரோடு முடிஞ்சது, ஆனா யாருக்கும் திரும்பிப் போக மனசு வரலை. அந்தக் காலத்துல அவங்கவங்க வீடு, அவங்கவங்க வேலைன்னு இருந்தாங்க. ஒரு பனிக்காலத்துல எங்க அப்பா கால் உடைஞ்சு படுத்துட்டார். வீட்டைச் சுத்திப் பனி மூடிடுச்சு. அப்ப நான் உன்னைவிடச் சின்னவன். விறகு தீந்துபோய் அடுப்பு அணைஞ்சிருச்சு. யாராவது வருவாங்களா, யாராவது வருவாங்களான்னு கதவையே பாத்துட்டுக் கிடந்தோம்."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. ரொம்ப லேட்டா வந்தாங்க. எங்க வீட்டுல புகை இல்லாததை யாருமே கவனிக்கலைன்னு எல்லாருக்கும் ரொம்ப வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறம்தான் ஓடைக்கு அந்தப் பக்க வீட்டை இந்தப் பக்க வீடு பாக்கணும்னு பேசி முடிவு பண்ணினாங்க."

கேள்விப்பெட்டி ஓடைக்கு அப்பால் தெரிந்த தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு மாமாவின் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"அப்போ உங்க வீட்டுப் புகையை யார் பாக்கறாங்க?"

இடி மாமா காலடியில் கிடந்த ஒரு மரச்சுருளை எடுத்து விரலில் சுற்றினார்.

"உங்க வீடு ரொம்ப வருஷமாப் பூட்டிக் கிடந்துச்சு கண்ணு. எனக்கு எதிர்வீடே இல்லை" என்றார் மெதுவாக. "ஆனாலும் தினமும் எழுந்ததும் உங்க கூரையைத்தான் பாப்பேன். புகை வராதுன்னு தெரியும். இருந்தாலும் பாப்பேன்."

கேள்விப்பெட்டிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. பாவம், இத்தனை வருஷம் கழித்து எதிர்வீட்டுக்கு ஆள் வந்தால், அந்த ஆட்கள் புகையே விடமாட்டேன் என்கிறார்களே!

"மாமா, புகைதான் வரணுமா? காலையில எழுந்ததும் எங்க ஜன்னல்ல ஒரு சிவப்புத் துண்டு கட்டினா போதாதா? இங்கிருந்தே பளிச்சுன்னு தெரியுமே!"

அவர் மீசையைத் தடவினார். "கட்ட மறந்துட்டா?"

"வந்து இடிங்க. ஆனா கொஞ்சம் மெதுவா இடிங்க. தம்பி தூங்குவான்."

மாமா சிரித்துவிட்டார்.

"இன்னொண்ணு. இனிமே உங்க புகையை நான் பாத்துக்கறேன்."

"நீயா?"

"ஏன்? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்!"

மறுநாளிலிருந்து ஜன்னலில் சிவப்புத் துண்டு ஆடியது. இடி நின்றது. தம்பிப் பாப்பா வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினான். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் ஊரைவிட்டுப் போகிற பேச்சை அவள் விடவுமில்லை. பாத்திரப் பெட்டி இன்னும் பிரிக்காமல் மூலையிலேயே கிடந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கேள்விப்பெட்டி அதை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஓர் இரவு பனி கொட்டித் தீர்த்தது. காலையில் அவள் துண்டைக் கட்டிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். கூரை இருந்தது. புகைக்குழாயைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல்தான் இருந்தது.

"அம்மா! மாமா வீட்டுல புகை வரலை!"

"இவ்வளவு குளிர்ல தூங்கிட்டு இருப்பாருடி."

"அவர் தூங்க மாட்டார்மா. நம்ம துண்டைப் பாக்க எழுந்திருப்பாரே!"

அம்மா ஜன்னலுக்கு வந்தாள். வெளியே உற்றுப் பார்த்தாள். அடுத்த நொடி தம்பிப் பாப்பாவைத் தூக்கி அப்பா கையில் திணித்தாள். ஒரு காலில் தன் பூட்ஸ், இன்னொரு காலில் அப்பாவின் பூட்ஸ், கையில் மண்வாரி. கேள்விப்பெட்டி பின்னால் ஓடுவதற்குள் அம்மா பாதிப் பாலம் தாண்டியிருந்தாள்.

கூரைப் பனியில் பாதி சரிந்து மாமாவின் கதவை மூடியிருந்தது. அம்மா எட்டிக் கதவை இடித்தாள். அடேயப்பா, என்ன இடி!

"அண்ணே! அண்ணே! உள்ள நல்லா இருக்கீங்களா?"

இதுவரை அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கேன்மா! கதவுதான் திறக்கலை. அடுப்பு மூட்டினா புகையெல்லாம் உள்ளேயே வருது. அணைச்சுட்டுக் குளிர்ல உக்காந்திருக்கேன்!"

அம்மா பனியை வாரி வாரிப் போட்டாள். கேள்விப்பெட்டி கையாலேயே அள்ளினாள். அவர்கள் இடித்த சத்தம் கேட்டுத் தபால்கார அக்கா ஓடி வந்தார். நாயும் வந்து, தன் பங்குக்கு, அவர்கள் தோண்டிய இடத்திலேயே பனியைத் தள்ளிவிட்டது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு இடி மாமா நின்றார். உதடு நடுங்கியது. அம்மாவின் கலைந்த தலையையும் ஜோடி மாறிய பூட்ஸையும் பார்த்தார்.

"என்னம்மா இப்படியா இடிக்கிறது? என் தம்ளரெல்லாம் கிணுகிணுங்குது!"

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"பயந்துட்டீங்களா மாமா?" என்று கேட்டாள் கேள்விப்பெட்டி.

அவர் குனிந்து அவள் சில்லிட்ட கைகளைத் தன் போர்வைக்குள் பொத்திக்கொண்டார். "அன்னைக்கு யாராவது வருவாங்களான்னு நினைச்சுட்டுக் கிடந்தேன். இன்னைக்கு, எங்கே இன்னும் கேள்விப்பெட்டியைக் காணோம்னுதான் நினைச்சேன்."

அன்று அவர் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். தம்பிப் பாப்பா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்தான்.

அவர் போனதும், அம்மா மூலையில் கிடந்த பெட்டியைப் பிரித்தாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினாள்.

கேள்விப்பெட்டி மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள். "அம்மா, மாசம் முடிஞ்சதும் நாம போறோமா?"

அம்மா கடைசி வாணலியை அலமாரித் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "போனா எதிர்வீட்டுப் புகையை யாருடி பாக்கறது?"

கேள்விப்பெட்டி வாயைத் திறந்தாள். கேட்க ஒரு கேள்விகூட மிச்சமில்லை.